மாதச் சாமானும் தெருமுனைக் கடையும்

புதுச்சேரி லாசுப்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் பகுதியில் அண்மைக் காலத்தில் மூடப்பட்ட மளிகைக் கடைகளில் ஒன்றுகூட ஆள் வராமல் மூடப்படவில்லை. கடைசி நாள் வரை காலையில் பால் பாக்கெட்டுக்கும், மதியம் ஒரு பத்தை தேங்காய்க்கும், இரவு எட்டு மணிக்கு மேல் தோசை மாவுக்கும் அங்கே ஆள்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஷட்டரை இறக்கியதற்குக் காரணம் வேறு. வந்தவர்களில் பெரும்பாலோர் மறந்துபோன பொருளை வாங்க வந்தவர்கள். அரிசி, எண்ணெய், பருப்பு, சோப்பு, சலவைத் தூள் ஆகிய மாதச் சாமான்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் பெரிய கடைகளிலிருந்தோ கைப்பேசிச் செயலி வழியாகவோ வீட்டுக்கு வந்துவிடுகின்றன. பட்டியலில் விட்டுப்போன கடுகும், தீர்ந்துபோன தீப்பெட்டியும், திடீரென்று வந்த விருந்தாளிக்கான காபித்தூளும் மட்டுமே தெருமுனைக் கடையின் பங்குக்கு மிஞ்சுகின்றன. அந்தப் பங்கை வைத்துக்கொண்டு எந்தக் கடையும் பிழைக்க முடியாது என்பதை நம்மில் பலர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

கணக்கு கடினமானது அன்று. பிஸ்கட், சோப்பு, பற்பசை போன்ற கம்பெனிப் பொருள்களில் சிறு கடைக்காரருக்கு நூற்றுக்கு எட்டு முதல் பத்து ரூபாய் வரை நின்றால் நல்ல வியாபாரம். எங்கள் ஊர்க் கூட்டுறவுப் பாலான பாண்லேயில் கிடைக்கும் கமிஷன் பாக்கெட்டுக்குச் சில்லறைக் காசுதான். அதை நம்பி ஓர் ஐஸ்பெட்டியை இரவு பகலாக ஓடவிட வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு 5,500 ரூபாய்க்கு விற்கும் கடையை எடுத்துக்கொள்வோம். தாராளமாகப் பத்து விழுக்காடு என்று வைத்தாலும் கையில் நிற்பது 550 ரூபாய். வாடகை, மின்கட்டணம், வாடிப்போன கீரை, எலி கடித்த மூட்டை, பெரிய மார்க்கெட்டுக்குப் போய்வரும் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியின் பெட்ரோல் ஆகியவற்றைக் கழித்துவிட்டால், காலை ஐந்தரை முதல் இரவு பத்து வரை நின்ற ஒருவருக்கு மிஞ்சுவது ஒரு கொத்தனாரின் நாள்கூலிக்கு மிகவும் கீழே. இதே கடையில் இருபது குடும்பங்கள் தங்கள் மாதச் சாமானில் 3,000 ரூபாய்க்கானதை மட்டும் வாங்கத் தொடங்கினால், மாதம் 60,000 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 2,000 ரூபாய் விற்பனை கூடும். மாதத்துக்கு 6,000 ரூபாய் கூடுதலாக நிற்கும். எங்கள் பக்கத்துச் சின்னக் கடைகளில் பலவற்றுக்கு வாடகைப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும். கடை நிலைப்பதற்கும் மூடப்படுவதற்கும் நடுவே இருப்பது இருபது வீடுகளின் பழக்கம் என்று நான் உறுதியாக நம்புவது இந்தக் கணக்கினால்தான்.

எங்கள் தெருவில் இப்போது எஞ்சியிருப்பது ஓர் அக்காவின் கடை. வீட்டின் முன்னறையைக் கடையாக்கி வைத்திருக்கிறார். அகலம் இரண்டு ஆள் கைகோத்து நிற்கும் அளவுதான். முன்பக்கம் மரப்பலகையில் வெங்காயம், உருளைக்கிழங்கு, தக்காளி. அதற்குப் பின்னால் வரிசையாகப் பிஸ்கட் ஜாடிகள். தலைக்கு மேல் கட்டிய கம்பியில் ஷாம்பு, காபித்தூள், மசாலாத் தூள் சரங்கள் தொங்குகின்றன. புளியை ஏற்கெனவே பத்து ரூபாய்ப் பொட்டலங்களாகக் கட்டி ஒரு அலுமினிய டப்பாவில் போட்டு வைத்திருப்பார். கல்லாவுக்குப் பக்கத்தில் நூல் கட்டிய பேனாவுடன் ஒரு நீள நோட்டு. பிள்ளைகள் ஓடிவந்து, "அக்கா, அம்மா அஞ்சு ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்று சொன்னால், "காசு குடுத்தாங்களா, கணக்குல எழுதிக்கவா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு கறிவேப்பிலைக் கொத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பார். எங்கள் தெருப் பிள்ளைகளில் பலர் துணையில்லாமல் வீட்டை விட்டு வெளியே சென்ற முதல் பயணம் இந்தக் கடைக்குத்தான். கையில் காசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய், மீதிச் சில்லறையை எண்ணி வாங்கித் திரும்பும் அந்தப் பயிற்சியைப் பள்ளிக்கூடம் தருவதில்லை.

சிறு அளவில் வாங்கும் வசதியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் அந்த வசதியின் வரலாற்றில் நம் பகுதிக்கே ஒரு பங்குண்டு. ஷாம்புவைச் சின்னச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையின் முன்னோடியாக அறியப்படுபவர் பக்கத்திலிருக்கும் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983-ஆம் ஆண்டில் அதே ஊரிலிருந்து தொடங்கியதுதான் சிக் ஷாம்பு. பாட்டில் வாங்க முடியாத குடும்பத்துப் பெண்ணும் ஒரு நாள் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொள்ள முடிந்தது இந்தப் பாக்கெட்டுகளால்தான். ஆனால் பாக்கெட் மட்டும் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. ஒரே ஒரு பாக்கெட்டைக் கிழித்துக் கொடுக்க மனமுள்ள கடை ஒவ்வொரு தெருவிலும் இருந்ததால் நடந்தது. நாள்கூலி வாங்கும் வீட்டின் வருமானம் நாள்தோறும் வருகிறது. அதன் செலவும் நாள்தோறும்தான் நடக்க முடியும். ஐம்பது மில்லி நல்லெண்ணெயும் நூறு கிராம் துவரம் பருப்பும் கொடுக்கும் கடை போய்விட்டால் அந்த வீடுகளுக்கு வேறு வழி கிடையாது. வண்டியுள்ள நாம் எங்கே வேண்டுமானாலும் போய் வாங்கிக்கொள்வோம்.

புதுச்சேரியில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. நியாயவிலைக் கடைகள் இங்கே பல ஆண்டுகள் பூட்டிக்கிடந்தன. அரிசிக்குப் பதிலாகப் பணம் வங்கிக் கணக்கில் போடப்பட்டது. 2024 அக்டோபரில்தான் கடைகள் மறுபடி திறக்கப்பட்டன. அந்த இடைக்காலத்தில் பணம் வந்து சேரத் தாமதமான மாதங்களில் அரிசியைக் கடனாகக் கொடுத்துப் பல குடும்பங்களைத் தாங்கியவை தெருக்கடைகள். அந்தப் பாரம் எந்த அரசுக் கணக்கிலும் ஏறவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்கு அருகே கரையைக் கடந்து, நகர மனமில்லாமல் அங்கேயே நின்று, 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டித் தீர்த்தது. ரெயின்போ நகரும் கிருஷ்ணா நகரும் மூழ்கின. எங்கள் தெரு மேட்டுப் பகுதியில் இருப்பதால் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் மின்சாரம் இல்லை, கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை, ஏடிஎம்மில் பணம் எடுக்க வழியில்லை. அக்கா மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு கடையைப் பாதி ஷட்டரில் திறந்தார். வந்துசேர்ந்த பாலை வீட்டுக்கு ஒரு பாக்கெட் என்று நிறுத்திக்கொண்டார். கைக்குழந்தை இருக்கும் வீடுகள் எவை என்று அவருக்குத் தெரியும். அந்த வீடுகளுக்கு முதலில் கொடுத்தனுப்பினார். மெழுகுவத்தியும் கொசுவத்தியும் தீப்பெட்டியும் அன்றைக்குத் தங்கம் மாதிரி. ஒரு ரூபாய்கூட விலை ஏற்றவில்லை. பணம் இல்லாதவர்கள் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டார். மாதச் சாமான் அனுப்பும் செயலிகள் அந்த நாள்களில் திறக்கவே இல்லை. அதற்காக அவற்றைக் குறை சொல்ல முடியாது, சாலையில் தண்ணீர் நின்றால் வண்டி எப்படி வரும்? ஆனால் நடந்துபோகும் தூரத்தில், நம் முகம் தெரிந்த ஒருவரிடம், கொஞ்சம் சரக்கு எப்போதும் இருப்பில் இருப்பது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் பார்த்த இந்தக் கடற்கரையில் வாழ்பவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

இவ்வளவு செய்யும் கடைகளை விதிகள் எப்படி நடத்துகின்றன என்று பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஜிஎஸ்டியில் பொருள் விற்பவர்களுக்கான பதிவு வரம்பு 2019 ஏப்ரல் 1 முதல் பல மாநிலங்களில் ஆண்டுக்கு 20 லட்சத்திலிருந்து 40 லட்சமாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டுக்கு 40 லட்சம். புதுச்சேரிக்கோ பழைய 20 லட்சமே தொடர்ந்தது. எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிக் கடலூர் மாவட்டத்துக்குள் இருக்கும் கடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 11,000 ரூபாய் விற்பனை வரை பதிவு தேவையில்லை. இந்தப் பக்கம் இருக்கும் கடைக்கு 5,500 ரூபாயைத் தாண்டினால் தேவை. அந்தப் பக்கத்துக் கடைக்கும் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது: ஐஸ்கிரீமோ சிகரெட்டோ விற்றால் 40 லட்சச் சலுகை பொருந்தாது. வேனிற்காலத்தில் பிள்ளைகளுக்காகக் குச்சி ஐஸ் பெட்டி வைக்கும் மளிகைக் கடைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மேலே நான் எடுத்துக்கொண்ட 5,500 ரூபாய்க் கடை அந்த விளிம்பில்தான் நிற்கிறது. சிறு வியாபாரிகளுக்கான எளிய வரிமுறையான இணக்கமுறைத் திட்டத்தில் சேர்ந்தால், வரிக்குரிய பொருள்களின் விற்பனையில் ஒரு விழுக்காடுதான் வரி என்பது உண்மை. ஆனால் பத்து விழுக்காடு லாபத்தில் ஒரு விழுக்காடு என்பது அந்த விற்பனையில் அவருக்கு வரும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு; கணக்கு எழுதித் தருபவருக்கான மாதக் கட்டணம் தனி. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு வியாபாரிகள் ஆயிரக்கணக்கானோருக்கு வரித்துறை அறிவிப்பு அனுப்பியபோது, பெங்களூரில் பல கடைகளில் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு, ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டினார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் அக்காவும் அட்டையைத் திருப்பி வைத்தார். வரி ஏய்க்கும் எண்ணம் அவருக்குக் கிடையாது. எந்த நாளில் எந்தக் கோட்டைத் தாண்டினோம் என்று தெரியாத பயம்தான். புதுச்சேரிக்கான வரம்பை 40 லட்சமாக உயர்த்தினால் இந்தப் பயத்தில் பெரும்பகுதி போய்விடும். வணிகர் அமைப்புகள் இதைத் தொடர்ந்து வற்புறுத்த வேண்டும், நாமும் சேர்ந்து கேட்க வேண்டும். மின்சாரத்திலும் இதே கதை. வீட்டின் முன்னறையில் ஒரு விளக்கும் ஒரு ஐஸ்பெட்டியும் ஓடும் கடைக்கு வணிக இணைப்பின் கட்டணம் வாங்குவதற்குப் பதிலாக, குறிப்பிட்ட பரப்பளவுக்குள் இருக்கும் வீட்டுக்கடைகளை வீட்டுக் கட்டணத்திலேயே விட்டுவிடலாம்.

இடம் பற்றிய கேள்வி இதைவிட ஆழமானது. அமெரிக்க நகரங்கள் வீடு இருக்கும் இடத்தில் கடை இருக்கக்கூடாது என்று சட்டமாகவே பிரித்து வைத்தன. யூக்ளிட் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கில் 1926-ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தகைய மண்டலப் பிரிவினையை ஏற்றுக்கொண்டபின், அந்த வழக்கம் நாடெங்கும் பரவியது. ஒரு பாக்கெட் பாலுக்குக் காரை எடுக்க வேண்டிய புறநகர்கள் அப்படித்தான் உருவாயின. இப்போது அங்கே பல நகரங்களில் குடியிருப்புகளுக்குள் சிறு கடைகளை மறுபடி அனுமதிக்க விதிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பான் வேறு வழியில் சென்றது. அங்கே மிகக் கட்டுப்பாடான தாழ்மாடிக் குடியிருப்பு மண்டலத்திலும், வீட்டோடு சேர்ந்த கடையாக, 50 சதுர மீட்டருக்குள், கட்டடத்தின் பாதிப் பரப்புக்கு மேற்படாமல் இருந்தால் நடத்தலாம். எங்கள் அக்காவின் கடை அப்படியே அந்த விதிக்குள் அடங்கிவிடும்.

நமக்கு இந்தப் பாடத்தை வெளியே போய்க் கற்றுவர வேண்டிய அவசியமே இருந்ததில்லை. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, வைசியாள் வீதி போன்ற பழைய தமிழர் தெருக்களில் வீட்டு முகப்பைப் பாருங்கள். தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம்; அதற்கு உள்ளே திண்ணை; அதன் பிறகுதான் கதவு. வெயிலிலும் மழையிலும் போகிறவர் ஒதுங்கி நிற்கவும், வீட்டுக்காரர் உட்கார்ந்து பேசவும், வேண்டுமானால் ஒரு கூடையை வைத்து விற்கவும் இடம்கொடுத்த அமைப்பு அது. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே இரண்டுக்கும் சொந்தமான ஓர் இடம் இருந்தது. இன்று நாம் கட்டும் அடுக்குமாடிகளில் தரைத்தளம் முழுவதும் வண்டி நிறுத்துமிடம். தெருவைப் பார்த்து நிற்பது ஓர் இரும்புக் கதவும் மதிலும். புதிய மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கும் சாலைக்கும் இடம் ஒதுக்குகிறார்கள். நூறு வீட்டுக்கு ஒரு மளிகைக் கடை வேண்டும் என்று யோசித்து மனை ஒதுக்கியதை நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட நகர் ஒன்றில் குடிபோன என் பெரியம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், ஒரு கட்டுக் கீரைக்காக மகன் வேலையிலிருந்து திரும்பும் வரை காத்திருக்கிறார். முன்பு கொசப்பாளையத்தில் இருந்தபோது அவரே தினமும் இரண்டு முறை கடைக்குப் போய்வந்தவர்.

சுற்றுலாப் பகுதியில் நிலைமை வேறு விதத்தில் மோசம். பழைய வீடுகளின் முன்னறைகள் காபி விடுதிகளாகவும் துணிக்கடைகளாகவும் மாறியிருக்கின்றன. வெளியூர்க்காரர் செலவழிக்கும் பணத்துக்கு ஈடாக வாடகை ஏறும்போது மளிகைக் கடை அங்கே நிற்க முடியாது. இந்த ஊரை நீண்ட காலம் ஆண்ட பிரான்சிலேயே இதற்கு ஒரு விடை இருக்கிறது. பெரிய அங்காடிகள் திறப்பதற்குத் தனி அனுமதி வேண்டும் என்று அந்நாடு 1973-இலேயே சட்டம் இயற்றியது. பாரிஸ் மாநகரம் 2004 முதல் தன் சார்பு நிறுவனம் ஒன்றின் வழியாகத் தரைத்தளக் கடையறைகளை விலைக்கு வாங்கி, அக்கம்பக்கத்து மக்களுக்குத் தேவையான சிறு வணிகங்களுக்கு வாடகைக்கு விட்டது. அதே அளவுக்கு இங்கே பணம் செலவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நகராட்சிக்குச் சொந்தமான கடையறைகளை ஏலம் விடும்போது அதிகத் தொகை கேட்பவருக்கு என்றில்லாமல், அந்தத் தெருவில் இல்லாத தொழிலுக்கு முன்னுரிமை என்று ஒரு சில அறைகளையாவது ஒதுக்க முடியாதா? இதைக் கேட்பதற்கு நமக்கு வார்டு உறுப்பினரும் இல்லை. புதுச்சேரியில் 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடக்கவில்லை. தெருக்கடையின் பிரச்சினை தெருவை அறிந்த ஒருவர் மேசைக்குப் போகாமல் அலுவலகக் கோப்பாகவே நின்றுவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குடியிருப்புக்குள் கடை வேண்டாம் என்பவர்களின் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. நம் ஊரில் கடை என்றவுடன் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மதுக்கடை. இன்றைக்கு மளிகை என்று தொடங்கி நாளைக்கு அது வேறு ஏதாவதாக மாறிவிடுமோ என்ற பயம் நியாயமானது. பிராந்திக் கடை பக்கத்தில் வந்ததால் மாலையில் பெண்கள் நடக்க முடியாமல் போன தெருக்கள் உண்டு. அதனால்தான் அனுமதி பொருளைக் குறிப்பிட்டதாக இருக்க வேண்டும்: உணவுப்பொருள், காய்கறி, பால், தையல், சலவை, எழுதுபொருள், மருந்து என்று. புகையிலை விஷயத்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்பனையைத் தடைசெய்கிறது. அதை மீறும் கடைக்கு என் ஆதரவு கிடையாது. அச்சிட்ட விலைக்கு மேல் குளிர்ச்சிக்கென்று இரண்டு ரூபாய் வாங்குவதும் தவறுதான், அதைக் கடைக்காரரிடம் நேரில் சொல்லலாம். சொன்னால் கேட்கக்கூடிய தூரத்தில் அவர் இருக்கிறார்.

விலை கூடுதல் என்பது அடுத்த குறை. எங்கள் வீட்டுப் பட்டியலை இரண்டு இடத்து விலையோடும் ஒப்பிட்டுப் பார்த்ததில் சலவைத் தூள், பெரிய டின் எண்ணெய், பற்பசை ஆகியவற்றில் பெரிய கடை உண்மையாகவே மலிவு. அரிசி, பருப்பு, புளி, மிளகாய், வெல்லம் ஆகியவற்றில் வித்தியாசம் ஒன்றிரண்டு ரூபாய்தான். சிலவற்றில் அக்காவின் கடையே குறைவு. எனவே நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது: அரிசி மூட்டை, பருப்பு வகைகள், புளி, மிளகாய், நல்லெண்ணெய் ஆகியவை மாதத்தின் முதல் வாரத்தில் அக்கா கடையில், மற்றவை எங்கே வாங்கினாலும் சரி. அவரிடம் இல்லாத பொருளை இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிடுகிறோம். மார்க்கெட்டுக்குப் போகும்போது எடுத்துவந்துவிடுகிறார். நோட்டுக் கணக்கைச் சம்பளம் வந்த வாரத்திலேயே தீர்த்துவிடுகிறோம். கடன் கொடுக்கும் கடைக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான். மொத்த வியாபாரியிடம் அவர் ரொக்கம் கொடுத்து எடுக்கும் சரக்குக்கும் கடனுக்கு எடுக்கும் சரக்குக்கும் விலை வேறு. நம் பாக்கி மாதக்கணக்கில் நிற்கும்போது அந்த விலை வித்தியாசத்தை அவர் சுமக்கிறார், பிறகு விலை கூடுதல் என்று நாமே குறை சொல்கிறோம்.

எங்கள் தெருவின் மறுமுனையில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு நான்கு மாடிக் குடியிருப்பு கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். தரைத்தளம் முழுவதையும் வண்டிகளுக்கு விடாமல், தெருவைப் பார்த்து நூற்றைம்பது சதுர அடியில் ஓர் அறை மட்டும் ஒதுக்க வேண்டும் என்று தெருக்காரர்கள் கையெழுத்திட்டுக் கட்டுநரிடம் கொடுத்திருக்கிறோம். அவர் மறுக்கவில்லை, வீடு வாங்குபவர்கள் சம்மதித்தால் வரைபடத்தில் சேர்த்து அனுமதிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த முனையிலிருந்து அக்கா கடை வரை நடக்க முடியாத முதியவர்கள் அங்கே ஐந்தாறு வீடுகளில் இருக்கிறார்கள். காய்கறியும் பாலும் வைத்து நடத்த ஆள் தயாராக இருக்கிறார். அதே தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் தம்பதியர் அவர்கள். அரிசி, பருப்பை அக்காவுக்கே விட்டுவிட்டுத் தாங்கள் காய்கறியோடு நிறுத்திக்கொள்வதாக அவர்களாகவே சொன்னார்கள். தனி மீட்டர், மழைநீர் உள்ளே வராத அளவுக்கு மட்டும் உயர்ந்த ஒற்றைப் படி, வெளியே நின்று வாங்குபவர்களுக்கு மூன்றடி நீட்டிய கூரை: கட்டுநரிடம் நாங்கள் கேட்டிருப்பது இவ்வளவுதான்.